எடை குறைந்த கேபின் பை: எடையை எங்கே குறைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்

உங்கள் ட்ராலி பை காலியாகவே 3.4 கிலோ இருக்கிறது, விமானத்தில் கையோடு கொண்டுபோக அனுமதி 7 கிலோதான், ஆகவே இருப்பதிலேயே எடை குறைந்த பை எது, அது சீக்கிரம் உடைந்துவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். கிராம் கணக்குப் போட்டியில் எந்தப் பை ஜெயிக்கிறது என்பது உங்களுக்கு உண்மையில் தேவைப்படாது. 7 கிலோவில் சாமானுக்கு எவ்வளவு மிஞ்சும், அப்படி மிச்சம் பிடித்த எடைக்கு ஈடாகப் பையில் எதை விட்டுக்கொடுக்கிறீர்கள், இந்த இரண்டும்தான் உங்கள் கேள்வி. நான் சூட்கேஸ், பயணப்பை ரிப்பேர் தொழிலில் பல வருடங்களாக இருப்பவன். ஒரு பை எந்த இடத்தில், எதனால் போகிறது என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். ஆனால் எந்தக் கம்பெனிப் பை அதிகம் உடைகிறது என்று நான் ஏதாவது சொன்னால் நம்பாதீர்கள். என் மேசைக்கு வருவதெல்லாம் உடைந்த பைகள். பத்து வருடம் ஒரு குறையும் இல்லாமல் உழைக்கும் பை என் கண்ணில் படுவதே இல்லை. அதிகம் விற்கும் பெயர்தான் ரிப்பேருக்கும் அதிகம் வரும்.

முதலில் கணக்கு. 3.4 கிலோ பையில் உங்களுக்கு மிஞ்சுவது 3.6 கிலோ. ஒரு லேப்டாப்பும் அதன் சார்ஜரும் சேர்ந்தாலே ஒன்றரை முதல் இரண்டு கிலோ போய்விடும். 2.2 கிலோ பைக்கு மாறினால் 4.8 மிஞ்சுகிறது, அதாவது 1.2 கிலோ லாபம். இரண்டு ஜோடி உடையும் ஒரு செருப்பும் அதில் அடங்கும். அங்கிருந்து 1.7 கிலோ பைக்கு இறங்கினால் மேலும் அரைக் கிலோதான் கிடைக்கும். முதல் 1.2 கிலோ பெரும்பாலும் வலு குறையாமலே கிடைக்கிறது, ஏனென்றால் பழைய பைகளில் தேவையில்லாத கனம் நிறைய உண்டு. கடைசி அரைக் கிலோவுக்குத்தான் விலை அதிகம். பணமாகக் கொடுத்து நல்ல பொருளை வாங்கலாம், இல்லாவிட்டால் பையின் ஆயுளில் கழித்துக்கொள்ளலாம். மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது, சக்கரத்தையே விட்டுவிடுவது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

விதிகளைப் பொறுத்தவரை, உலகம் முழுவதற்கும் ஒரே அளவு என்று ஒன்று கிடையாது. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா 2015 ஜூனில் 55, 35, 20 செ.மீ. என்று ஒரு பொது அளவைப் பரிந்துரைத்தது. இருக்கிற பைகளையெல்லாம் தூக்கிப் போட வேண்டுமா என்று எதிர்ப்புக் கிளம்பியதும் அதே மாதத்திலேயே அதை நிறுத்தி வைத்துவிட்டார்கள். இன்றைக்கு ஆசிய, வளைகுடா நிறுவனங்கள் பலவற்றில் 7 கிலோ, ஐரோப்பாவில் 8 அல்லது 10 கிலோ என்பதைப் பரவலாகப் பார்க்கலாம். பிரிட்டிஷ் ஏர்வேஸ் 23 கிலோ வரை விடுகிறது. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் பொதுவாக எடையே கேட்பதில்லை, 22, 14, 9 அங்குலம் என்ற அளவை மட்டும் பார்க்கின்றன. எடை வரம்பு இல்லாத தடங்களில்தான் நீங்கள் பெரும்பாலும் பறக்கிறீர்கள் என்றால் இந்தப் பதிலின் பாதி உங்களுக்கு வேண்டாம். கொஞ்சம் கனமான, உறுதியான பையே நல்லது. 7 கிலோ என்பது பைக்கு மட்டுமா, தோளில் மாட்டும் சின்னப் பையும் சேர்த்தா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதை உங்கள் டிக்கெட்டில்தான் பார்க்க வேண்டும். என் பேச்சையோ வேறு யார் பேச்சையோ இதில் நம்பிப் போகாதீர்கள்.

சரி, ஒரு பையின் எடை எங்கே இருக்கிறது? பலரும் ஓடுதான், அதாவது பையின் வெளிச்சுவர்தான், கனம் என்று நினைக்கிறார்கள். பிரித்துப் போட்டுப் பார்த்தால் சக்கரங்கள், அவற்றைப் பிடித்திருக்கும் கூடுகள், இழுக்கும் கைப்பிடியின் குழாய்கள், அடிச்சட்டம் இவை மட்டுமே ஏறக்குறைய ஒரு கிலோவுக்கு வந்துவிடும். மிச்சம்தான் ஓடு, துணி, லைனிங், ஜிப். ஆகவே ஒரு சக்கரப் பை இரண்டு கிலோவுக்கும் கீழே இறங்குகிறது என்றால் ஓட்டை மெலிதாக்கியிருப்பார்கள், அல்லது குழாயையும் சக்கரக் கூட்டையும் மெலிதாக்கியிருப்பார்கள். ஓடு மெலிந்தால் பெரிய ஆபத்தில்லை. கேபின் பை வழக்கமாகச் சரக்கு அறைக்குப் போவதில்லை, அதை யாரும் தூக்கி எறிவதும் இல்லை. குழாயும் கூடும் மெலிந்தால்தான் தொல்லை. ரிப்பேருக்கு வருகிற பைகளில் பெரும்பாலானவை சக்கரம், கைப்பிடி, ஜிப் இந்த மூன்றில் ஒன்று போனவைதான். ஓடு உடைந்து வருகிற கேபின் பை அபூர்வம்.

ஓட்டின் பொருளைப் பற்றி இரண்டு வார்த்தை. கெட்டி ஓட்டுப் பைகள் ஏபிஎஸ், பாலிகார்பனேட், பாலிப்ரொப்பிலீன் என்ற மூன்று பிளாஸ்டிக்குகளில் ஒன்றாகவே பெரும்பாலும் இருக்கும், சிலது முதல் இரண்டின் கலப்பு. ஒரு கன சென்டிமீட்டருக்கு பாலிப்ரொப்பிலீன் சுமார் 0.9 கிராம், ஏபிஎஸ் 1.05, பாலிகார்பனேட் 1.2. அலுமினியம் 2.7, அதனால்தான் அலுமினியப் பெட்டிகள் அத்தனை கனம். இந்த எண்ணை வைத்து மட்டும் முடிவு செய்துவிட முடியாது. பாலிகார்பனேட் அடர்த்தி கூடியதாக இருந்தாலும் வளைந்து கொடுத்துத் திரும்பி வரும், அதனால் மெல்லிய தகடாகவே போதும். ஏபிஎஸ் விறைப்பானது, விலை குறைவு. அடி விழுந்தால் மூலையில் கீறல் விட்டு அப்படியே பிளக்கும். பாலிப்ரொப்பிலீன் மிருதுவானது, விறைப்புக்காகக் கொஞ்சம் தடிமனாகப் போடுவார்கள், ஆனாலும் எடை கட்டுக்குள் நிற்கும். சாம்சனைட் கம்பெனி ‘கர்வ்’ என்ற பெயரில் பயன்படுத்தும் பொருளும் பாலிப்ரொப்பிலீன்தான். நாடாக்களைத் துணி போல நெய்து, அடுக்கி, சூட்டில் அழுத்தியது. மெலிதாகவும் உறுதியாகவும் இருக்கும், விலையும் அதற்கேற்ப இருக்கும். கடையில் பொருள் பெயர் எழுதாத கெட்டிப் பை மலிவாகக் கிடைத்தால் ஏபிஎஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். காலிப் பையின் நடுவில் உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். குழிந்து, விட்டதும் எழும்பினால் நல்லது. கல் மாதிரி விறைத்து நின்றால் அது வலு என்று எண்ண வேண்டாம்.

சக்கரத்துக்கு வருவோம், ஏனென்றால் தவறான தேர்வு அதிகம் நடப்பது இங்கேதான். இன்றைய இரண்டு சக்கர ட்ராலியை 1987இல் உருவாக்கியவர் ராபர்ட் பிளாத் என்ற விமானி. முதலில் அதை வாங்கியவர்கள் விமானப் பணியாளர்கள்தான். அந்த வடிவம் இன்றைக்கும் சோடை போகவில்லை. இரண்டு சக்கரங்களும் பையின் மூலைக்குள் புதைந்திருக்கும், அளவில் இடம் தின்னாது, மேடு பள்ளத்தில் ஓடும், சரிவில் தானாக உருண்டு போகாது. நான்கு சக்கரப் பை பளபளப்பான தரையில் விரலால் தள்ளினால் ஓடும். உருளும்போது எடை முழுவதும் தரையில் இருப்பதால் மணிக்கட்டுக்குச் சுமை இல்லை. முதுகுவலி, தோள்வலி உள்ளவர்களுக்கு நான் நான்கு சக்கரத்தையே சொல்வேன். ஆனால் அந்தச் சக்கரங்கள் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், உயரத்தில் நான்கைந்து சென்டிமீட்டர் அவற்றுக்கே போய்விடும். அனுமதி 55 செ.மீ. என்றால் உள்ளே உங்களுக்குக் கிடைப்பது ஐம்பதுதான். ஒவ்வொரு சக்கரமும் தனித்தனி அச்சில் சுழல்வதால் உடைய நான்கு இடங்கள், பக்கவாட்டில் இடி வாங்குவதும் அவையே. எடை வரம்பு கடுமையாக இருந்து, மூட்டு வலியும் இல்லை என்றால் என் வாக்கு இரண்டு சக்கரத்துக்கு. இது என் அபிப்பிராயம்தான், இதே தொழிலில் இருப்பவர்கள் சிலர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

சக்கரத்தை மாற்ற முடியுமா என்பதை வாங்கும்போதே பாருங்கள். வெளியிலிருந்து ஸ்க்ரூ தலை தெரிந்தால் மாற்றலாம். ரிவெட் அடித்திருந்தால் குடைந்து எடுக்க வேண்டும், அதுவும் முடியும், ஆனால் வேலை. இதைவிட முக்கியமாக உள்ளே லைனிங் துணியில் ஒரு ஜிப் இருக்கிறதா என்று பாருங்கள். அதைத் திறந்தால் குழாயும் ஸ்க்ரூவும் தெரியும். அந்த ஜிப் இருக்கும் பையைச் செய்தவர்கள், யாரோ ஒருநாள் இதைத் திறப்பார்கள் என்று யோசித்திருக்கிறார்கள். லைனிங்கை ஒட்டியே விட்டிருந்தால் நான் அதைக் கிழித்துத்தான் உள்ளே போக முடியும், பலர் அதற்குப் பதில் புதுப் பை வாங்கிவிடுகிறார்கள்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. சக்கரத்தின் வெளிப்புறம் பாலியூரிதேன் என்றால் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் அது கெடும். ஈரப்பதமான காற்றில் சில வருடங்கள் அலமாரியில் கிடந்தாலே உள்ளுக்குள் சிதைந்து, ஒருநாள் இழுக்கும்போது பொலபொலவென்று உதிரும். துணியின் உட்புறப் பூச்சு பிசுபிசுத்து உரிவதும் பெரும்பாலும் இதே காரணத்தால்தான். ஆகவே வீட்டில் யாரோ வாங்கிப் பயன்படுத்தாமல் வைத்திருக்கும் ‘புதுப்’ பையை எடுத்துக்கொண்டு நேராக விமான நிலையத்துக்குப் போகாதீர்கள். சாமானை ஏற்றி, வீட்டு வாசலில் கொஞ்ச தூரம் இழுத்துப் பாருங்கள்.

கைப்பிடியில் மெலிதாக்கினால் விளைவு உடனே தெரியாது. குழாய் முழுதாக நீண்டிருக்கும்போது அதன் மேல் இன்னொரு பையை மாட்டி இழுக்கிறோம் அல்லவா, அப்போது சேருமிடத்தில் வளையத் தொடங்கும். ஒருமுறை வளைந்துவிட்டால் குழாய் உள்ளே இறங்க மறுக்கும், கேட்டில் வரிசை பின்னால் நிற்கும்போது நீங்கள் அதோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். கடையில் முழுக்க நீட்டி, இரண்டு கையாலும் லேசாக முறுக்கிப் பாருங்கள். கொஞ்சம் ஆடுவது எல்லாப் பையிலும் உண்டு, அது குறையில்லை. குழாய்க்கும் குழாய்க்கும் நடுவே இடைவெளி கண்ணுக்குத் தெரிந்தால் தவிருங்கள். ஒற்றைக் குழாய்க் கைப்பிடி எடை குறைவுதான், ஆனால் மேலே பை மாட்டினால் திரும்பிக்கொள்ளும்.

துணிப் பைகளில் டெனியர் என்ற எண்ணைப் பெருமையாக அச்சிட்டிருப்பார்கள். 9000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராம் என்பதுதான் அது. நூலின் கனத்தைச் சொல்கிறது, வலுவைச் சொல்லவில்லை. நைலான் உரசலை பாலியஸ்டரைவிட நன்றாகத் தாங்கும், அதனால் 420 டெனியர் நல்ல நைலான் 600 டெனியர் பாலியஸ்டரைவிட அதிக நாள் உழைப்பது சாதாரணம். பை முழுவதும் தடித்த துணி வேண்டியதில்லை, அடிப்பாகமும் மூலைகளும் தடிப்பாக இருந்தால் போதும். மிக எடை குறைந்த துணி ட்ராலிகளில் பிளாஸ்டிக் சட்டத்துக்குப் பதிலாக ஃபைபர் கம்பிகளை வைத்து வடிவத்தை நிறுத்தியிருப்பார்கள். யோசனை நல்லது, எடை நன்றாகவே குறையும். ஆனால் கம்பி முனை மூலைத் துணியை உள்ளிருந்து தேய்த்துக்கொண்டே இருக்கும். அந்த முனைக்குத் தொப்பி போட்டு, மூலையில் இன்னொரு துணி வைத்துத் தைத்திருக்கிறார்களா என்று தடவிப் பாருங்கள். துணிப் பைக்கு இன்னொரு வசதி, விமான நிலையத்தில் பையை வைத்துப் பார்க்கும் அளவுக் கூண்டில் கொஞ்சம் அமுக்கி நுழைக்கலாம். கெட்டி ஓடு ஒரு சென்டிமீட்டர்கூட விட்டுக்கொடுக்காது.

ஜிப்பைப் பற்றிச் சுருக்கமாக. ஜிப்பை இழுத்து மூடும் ரன்னரின் பின்புறம் பெரும்பாலும் 5, 8, 10 என்று ஓர் எண் இருக்கும். பற்கள் மூடியிருக்கும்போது அவற்றின் அகலம் ஏறக்குறைய அத்தனை மில்லிமீட்டர் என்று பொருள். பிரதான ஜிப் 8 அல்லது 10 ஆக இருக்கட்டும். 5 என்பது வெளிப் பாக்கெட்டுக்குச் சரி, திணித்து மூடும் பிரதான வாய்க்குப் போதாது, எடைக்காக அதையே போடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஜிப் விட்டுவிட்டால் பல சமயம் தேய்ந்திருப்பது பல் அல்ல, ரன்னர்தான். அதை மட்டும் மாற்றினால் போதும், முழு ஜிப்பையும் மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் ஒருமுறை திருப்பிக் கேளுங்கள். அப்புறம், பையைப் பெரிதாக்கும் கூடுதல் ஜிப்பை கேபின் பையில் நான் விரும்புவதில்லை. அதைத் திறந்த நிமிடமே பை அளவு மீறிவிடும், மூடியிருக்கும்போது அது வெறும் எடை.

இப்போது சக்கரம் இல்லாத வழி. 40 லிட்டர் முதுகுப் பை ஒன்று முதல் ஒன்றரை கிலோவுக்குள் கிடைக்கும், டஃபல் என்கிற சாதாரண நீளத் துணிப்பை அரைக் கிலோவிலிருந்தே உண்டு. 7 கிலோ வரம்பில் இதைவிட அதிகம் மிஞ்சும் வழி வேறில்லை. உடைய சக்கரமும் இல்லை, குழாயும் இல்லை. ஆனால் அந்த 7 கிலோவும் உங்கள் உடம்பில் இருக்கும். இடுப்புப் பட்டை உள்ள முதுகுப் பையில் இது பலருக்குப் பெரிய விஷயமில்லை. ஒற்றைத் தோளில் தொங்கும் டஃபலில் அரை மணி நேரம் நின்றால் தெரிந்துவிடும். தோள் வலி இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் இதைக் கணக்கில் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். இருக்கிறது என்றால் இந்த வழியை மறந்துவிடுங்கள்.

உள்ளேயே பேட்டரி, சார்ஜர் வைத்த ‘ஸ்மார்ட்’ பைகள் வேண்டாம். எடை கூடுகிறது, அதோடு பேட்டரியைக் கழற்ற முடியாத பையை 2018 ஜனவரியிலிருந்து அமெரிக்கப் பெரு நிறுவனங்கள் ஏற்பதை நிறுத்தின, மற்றவையும் பின்பற்றின. தனி பவர் பேங்க் கையோடுதான் வர வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. பேட்டரியில் அடங்கும் மின்சாரத்தை வாட்-மணியில் கணக்கிடுகிறார்கள்; 100 வாட்-மணி வரை பொதுவாக அனுமதி கேட்க வேண்டியதில்லை, 100 முதல் 160 வரை நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். 20,000 மில்லி ஆம்பியர் மணி என்று எழுதிய பவர் பேங்க் 3.7 வோல்ட்டில் 74 வாட்-மணி, அது வரம்புக்குள்தான். எடைதான் 400 கிராம் அளவுக்கு வரும். பையில் 500 கிராம் குறைக்க இவ்வளவு பாடுபடுகிறவர், பாதி கொள்ளளவு உள்ள பவர் பேங்க் போதுமா என்றும் யோசிக்கலாம். கேட்டில் இடமில்லை என்று பையை வாங்கிக் கீழே அனுப்பினால், கொடுப்பதற்கு முன் பவர் பேங்க், மருந்து, ஆவணங்களை எடுத்துக்கொள்ளுங்கள். மெலிந்த பைக்கு உண்மையான சோதனை நடப்பதும் அன்றைக்குத்தான். அப்படி அனுப்பியதில் பை சேதமானால் விமானப் பயண இழப்பீடு பற்றிய சர்வதேச ஒப்பந்தமான மாண்ட்ரீல் உடன்படிக்கை பொருந்தும் பயணங்களில் 7 நாட்களுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். பயணப்பை கம்பெனியின் வாரண்டி, விமானத்தில் நேர்ந்த சேதத்தை ஏற்பது அரிது.

கடைக்குப் போகும்போது ஓர் அளவு நாடாவும், கொக்கியில் மாட்டி நிறுக்கும் சின்னத் தராசும் கொண்டு போங்கள். அட்டையில் இருக்கும் அளவு பல சமயம் ஓட்டின் அளவு மட்டும்தான். விமான நிறுவனம் சக்கரத்தையும் கைப்பிடியையும் வெளிப் பாக்கெட்டையும் சேர்த்து அளக்கும். தரையிலிருந்து, மடக்கிய கைப்பிடியின் உச்சி வரை நீங்களே அளந்து, எடையையும் நீங்களே பாருங்கள். மேல் கைப்பிடியோடு பக்கத்திலும் ஒன்று, முடிந்தால் அடியிலும் ஒரு பிடி இருக்கட்டும். பையை மேல் ரேக்கில் ஏற்றும்போது கை தேடுவது அடிப் பிடியைத்தான்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில்: சக்கரம் வேண்டும் என்றால் 2 முதல் 2.4 கிலோ வரையிலான பை, மெல்லிய பாலிகார்பனேட் அல்லது பாலிப்ரொப்பிலீன் ஓடு, இல்லாவிட்டால் அடிப்பாகம் தடித்த நைலான். சக்கரம் ஸ்க்ரூவில், லைனிங்கில் ஜிப், பிரதான ஜிப் 8. இவ்வளவும் இருந்தால் பெயர் எதுவானாலும் வாங்கலாம். 1.8 கிலோவுக்குக் கீழே சக்கரப் பை பிடித்துப்போனால், வருடத்துக்கு ஓரிரு பயணம் செய்பவருக்கு அதுவும் போதும். மாதாமாதம் பறப்பவருக்கு, உட்கார இடமில்லாதபோது பை மேலேயே உட்காருபவருக்கு, குழந்தையை ஏற்றி இழுப்பவருக்கு வேண்டாம். பழைய 3.4 கிலோ பையை எறிய வேண்டாம், 10 கிலோ விடுகிற டிக்கெட்டுக்கு அது நன்றாகவே உதவும். அதன் சக்கரம் கனமாக ஓடுகிறது என்றால் முதலில் கவிழ்த்துப் போட்டு அச்சைப் பாருங்கள். முடியும் நூலும் சுற்றிச் சுற்றி இறுகியிருக்கும். ஊசியால் கிளறி எடுத்து, ஒரு சொட்டு சிலிகான் எண்ணெய் விட்டாலே பாதி பைகள் திரும்ப ஓடத் தொடங்குகின்றன.